ருசியில்லை என்று திருப்பி அனுப்பியவர்

என்னோடு ஒரே கடையில் பரிமாறிய ஜெயராமன் இப்போது கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்துக்கு மேலாளர். போன மாதம் வீட்டுக்கு வந்தவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். யாரோ ஒருவர் அவருடைய கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, பீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது, சாப்பாட்டில் ருசியே இல்லை, கொடுத்த காசு வீண் என்று எழுதியிருந்தார்.

"இதுக்கு இன்னா பதில் போடறதுண்ணே? அன்னிக்கு சாப்பிட்ட அத்தனை பேரும் நல்லாருக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க," என்றார் ஜெயராமன்.

நான் வேலையில் இருந்தபோது குறை சொல்கிறவர் எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார்; நாங்களும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்போம். ஜெயராமன் எங்கள் கடைக்கு வருவதற்கு முன்பு நடந்த ஒன்றை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பாகூர்ப் பக்கம். வீட்டில் நெல்லும் கரும்பும். அண்ணன்மார் நிலத்தைப் பார்த்துக்கொண்டதால் நான் சென்னைக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் தட்டு எடுக்கச் சேர்ந்தேன். தட்டு எடுத்தவன் பிறகு தண்ணீர் ஊற்றினேன், தண்ணீர் ஊற்றியவன் பிறகு ஆர்டர் எடுத்தேன். முதுகு வலிக்காமல் நிற்பது, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொள்வது, இந்த இரண்டும் அங்கே படிந்தன. பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்ததும் ஊர்ப்பக்கமே இருந்துவிடலாம் என்று புதுச்சேரிக்குத் திரும்பினேன்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு நான் கேப்டனாக, அதாவது பரிமாறுகிறவர்களுக்குப் பொறுப்பாளனாக, சேர்ந்த கடை, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றின் தோட்டத்தில் இருந்தது. பின்பக்கக் கொட்டகையில் எஃகுத் தொட்டிகள். பீரை அங்கேயே காய்ச்சி, பதமானதும் குழாய் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, குவளையில் பிடித்துக் கொடுப்போம். பலகையில் 'பப்' என்று எழுதியிருந்தது. ஊரில் எல்லோரும் பீர் கடை என்றுதான் சொன்னார்கள்.

புதுச்சேரியில் பாட்டில் மது மலிவு. வாரக்கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து வருகிற கூட்டம் பாதி அந்த மலிவுக்காகவே வரும். அவர்களிடம் பாட்டிலைவிடக் கூடுதல் விலைக்கு ஒரு குவளையை நீட்டுவது எங்கள் பிழைப்பு. "வெளிய இதே காசுக்கு ரெண்டு பாட்டில் வாங்கலாமே" என்று கேட்காத மேசை கிடையாது. பிரான்சிலிருந்து வருகிற பயணிகளுக்கு அந்த விலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ரொட்டி முதலில் வரவில்லை என்றால் முகம் மாறிவிடும். உள்ளூர்க் குடும்பங்கள் பிறந்தநாளுக்கு வரும். பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு, தட்டில் கறித்துண்டு எத்தனை இருக்கிறது என்று பார்க்கும். சமையலறை ஒன்றுதான், தொட்டியும் ஒன்றுதான். ஆனாலும் மேசைக்கு மேசை அது வேறு கடை.

இந்தக் கடையை நடத்தியவர் மதாம் லூசி. முதலாளி சென்னையில் இருந்தார், எப்போதாவது வருவார். மதாம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்துப் பெண். பிரான்சில் பல ஆண்டுகள் உணவகங்களில் வேலை பார்த்தவர், வயதான தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்திருந்தார். எப்போதும் பருத்திப் புடவை. கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டியிருப்பார். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. பாத்திரம் கழுவுகிறவர்வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'நீங்க'வுக்கு நாங்கள் பயப்பட்ட மாதிரி சென்னை ஹோட்டலில் யாருடைய 'டேய்'க்கும் நான் பயந்ததில்லை.

அவருடைய முறைகள் சிலவற்றை நான் பிறகு வேலை பார்த்த இடங்களிலெல்லாம் கடைப்பிடித்தேன். குவளையைச் சோப்பில் கழுவியபின் குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும், துணி படக்கூடாது. துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. பிடிக்கும்போது முதலில் குவளையைச் சாய்த்து, பாதிக்கு மேல் நிமிர்த்தி, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை விட வேண்டும். நுரைதான் பீரின் மணத்தைப் பிடித்து வைக்கிறது என்பார். சென்னைக் கூட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. "பாதிக்கு நுரையை ஊத்தி ஏமாத்தறீங்களா?" என்று ஒருமுறை ஒரு மேசையில் சத்தம் போட்டார்கள். பரிமாறுகிற ஸ்டூவர்ட் ஒருவர் நின்று நுரையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். மதாம் வந்தார். ஒன்றும் பேசாமல் அந்தக் குவளைகளை எடுத்துக்கொண்டு போய், நுரை அடங்கும்வரை காத்திருந்து, விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"அலோர், இப்ப சரியா முசியே?" என்றார். 'ஆக' என்பதற்கு 'அலோர்', 'ஐயா' என்பதற்கு 'முசியே' என்று பிரெஞ்சுதான் அவர் வாயில் வரும்.

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஸ்டூவர்ட்டிடம் வந்து, "அவங்க கேட்டது பீர். நீங்க குடுத்தது பாடம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டு திரும்பி வந்தால் அதற்கும் ஒரு முறை. வாடிக்கையாளரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது; "வேற என்ன கொண்டுவரட்டும்?" என்றுதான் கேட்க வேண்டும். தட்டு சமையலறை வாசலுக்கு வந்ததும் மதாம் தனிக் கரண்டியால் கைபடாத பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ருசி பார்ப்பார். கெட்டிருந்தால் சமையல்காரரிடம் மெதுவாகச் சொல்வார். நன்றாக இருந்தாலும் "வேற போடுங்க" என்றுதான் சொல்வார். மற்றவர்களுக்குப் பிடித்தது என்ற பேச்சை மேசையில் எடுக்கவே விடமாட்டார்.

"எல்லாரும் நல்லாருக்குன்னாங்கன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க மூர்த்தி. எல்லாருக்குமா அவர் காசு குடுக்கறாரு? அவர் வாய்க்குத்தான குடுக்கறாரு."

மூர்த்தி என்பது நான். முழுப்பெயர் கலியமூர்த்தி.

இனி முசியே கப்ரியேல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்தாக்கள் கூட்டமாக எங்கள் கடைக்கு வருவார்கள். பாதாம் மரத்தடியில் நீள மேசை போட்டு வைப்போம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் இவர். உயரமான ஆள், நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. குவளை வந்ததும் மற்றவர்கள் குடித்துவிடுவார்கள். இவர் முதலில் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். "இன்னிக்கு தானியத்தைக் கொஞ்சம் அதிகமா வறுத்திட்டான்" என்பார், அல்லது "இது போன தடவைய விட நல்லா வந்திருக்கு" என்பார். பின்பக்கம் பீர் காய்ச்சுகிற முருகையன், அவர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டுதான் சாப்பிடப் போவார். ஆட்டுக்கறிக் கெட்டிக் குழம்பான ரகூவைச் சாப்பிட்டுவிட்டு, ரொட்டியால் தட்டை வழித்து, "குசினியில யாரு, தனசேகரா? சொல்லு அவன்கிட்ட, நல்லாருந்துச்சுன்னு" என்று அனுப்புவார். சமையல்காரர் தனசேகர் அரியாங்குப்பத்துக்காரர். பாராட்டுக்கு முகம் கொடுக்காத ஆள். இவர் சொன்னதை மட்டும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரைத் தள்ளி வைத்தார்.

"என்ன இது? வெறும் கசப்புத் தண்ணியா இருக்கு."

வேறு குவளை கொடுத்தோம். அதையும் தள்ளினார். முருகையன் தொட்டியிலிருந்து பிடித்துக் குடித்துப் பார்த்தார், மதாம் குடித்துப் பார்த்தார், ஒரு குறையும் தெரியவில்லை. மதாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அன்றைய பீருக்குக் காசு வாங்க வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் ரகூ திரும்பி வந்தது. "உப்பு இருக்கு, காரம் இருக்கு. வேற ஒண்ணுமில்ல இதுல," என்று சொல்லி அனுப்பியிருந்தார். மதாம் வாசலில் நின்று ருசி பார்த்து, "வேற போடுங்க" என்றார். வேறு போட்டோம். அதுவும் திரும்பியது. அதன் பிறகு வஞ்சிர வறுவல், அதன் பிறகு வெங்காய சூப். கடுகுச் சாந்தைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக்கொள்வார். பச்சை மிளகாய் கேட்பார். தனசேகர் மிளகைக் கூட்டினார், கிராம்பைக் கூட்டினார், ஒன்றும் எடுபடவில்லை.

வினோதம் என்னவென்றால், குறை சொல்லச் சொல்ல அவர் வருவது அதிகமானது. ஞாயிறு மட்டும் வந்தவர் வார நாட்களிலும் மதியம் தனியாக வந்து உட்கார்ந்தார். வாடிக்கையாக ஒரு இடத்தில் ருசி இல்லையென்றால் வேறு இடம் போவார்கள். இவர் எங்களிடமே திரும்பத் திரும்ப வந்து, திரும்பத் திரும்ப ஏமாந்து போனார். முன்பு சிரித்துப் பேசுகிறவர் இப்போது சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார். ஒரு மேசையில் சொன்ன குறை பக்கத்து மேசைக்கும் தொற்றும். அவர் தட்டைத் தள்ளும்போது அடுத்த மேசைக்காரர்கள் தங்கள் தட்டைக் குனிந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒருநாள் தனசேகர் மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"மதாம், ஒண்ணு அவர் வரணும், இல்ல நான் வரணும். இருபது வருஷமா இந்தக் கைதான் சமைக்குது."

"நீங்களும் வேணும், அவரும் வேணும்," என்றார் மதாம். "வேற போடுங்க."

தனசேகர் மேலங்கியை மாட்டிக்கொண்டார்.

விஷயம் எனக்குப் புரிந்தது ஒரு சாக்கடையால். அன்று மதியம் பக்கத்துச் சந்தில் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்க வண்டி வந்தது. மூடியைத் திறந்ததும் தோட்டம் முழுக்க நாற்றம் புகுந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பிரெஞ்சுப் பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினார். நாங்கள் தட்டுகளை உள்ளே மாற்றிக்கொண்டிருந்தோம்.

முசியே கப்ரியேல் மட்டும் பாதாம் மரத்தடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டே மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்துச் சுவருக்கு மிகப் பக்கத்து மேசை அவருடையதுதான். நான் ஓடிப்போய், "முசியே, உள்ள வந்துடுங்க," என்றேன்.

"ஏன்?" என்றார். சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் எங்க போறாங்க?"

நான் விளையாட்டாக ஏதோ சொல்லி அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். மூக்கைப் பொத்தியிருந்தவர்களை அவர் விசித்திரமாகப் பார்த்தார். பிறகு மீன் தட்டைக் காட்டி, "இதுல பூண்டு போடவே இல்லயா?" என்று கேட்டார். பூண்டு மணத்தால்தான் அந்த மீனுக்கு எங்கள் கடையில் பேர்.

முசியேவின் மூக்குக்கு வாசனையே எட்டவில்லை, ருசி போனது அதனால்தான் என்று அன்றே மதாமிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார். செய்தி சமையலறைக்குப் போனதும் தனசேகர், பழைய புளித்த பீரை ஒரு குவளை கொடுத்துப் பார்க்கலாம், வித்தியாசம் தெரிகிறதா என்று தெரிந்துவிடும் என்றார். மதாமுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சாப்பிட வந்தவரை சோதனை பண்ணுவீங்களா? அந்த பீரை கொட்டுங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

கொட்டினார்கள்.

அந்த வாரமே ஒரு நாள் காலை, கடை திறந்த சற்று நேரத்தில், வயதான அம்மாள் ஒருவர் தனியாக வந்தார். பட்டுக்கரைப் புடவை, கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. எங்கள் கடைக்கு அந்த வயதில் பெண்கள் தனியாக வருவதில்லை. பாதாம் மரத்தடி மேசையைக் கேட்டு உட்கார்ந்தார்.

"முசியே கப்ரியேல் இங்க இன்னா சாப்பிடுவாரு தம்பி? அதே கொண்டா."

"ரகூவும் பீரும் சாப்பிடுவாருங்கம்மா."

"ரெண்டும் கொண்டா. நான் அவர் சம்சாரம்."

தெரேஸம்மா என்று அவர் பெயர். நான் கொண்டுவந்து வைத்தேன். பீரை ஒரு வாய் குடித்து முகம் சுளித்துத் தள்ளி வைத்தார். ரகூவை ரொட்டியில் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டார். பாதி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ரகூவ விட இது இன்னா உசத்தி? சொல்லு தம்பி. நாற்பது வருஷம் என் கையால சாப்பிட்டவரு. இப்ப நான் எது வெச்சாலும் மண்ணுங்கறாரு. தட்டைத் தள்ளிட்டு சட்டைய மாட்டிக்கினு இங்க வந்துடறாரு. வடகம் தாளிச்சா எங்க தெருவுல நாலாவது வீட்டுக்கு மணக்கும். அந்தக் குழம்பைக்கூட ருசியில்லன்னுட்டாரு. எனக்கு சமைக்கவே கை வரல. நீங்க அப்படி இன்னா போடறீங்க இதுல?"

குரல் உயரவில்லை. ஆனால் ரொட்டித் துண்டு அவர் விரல்களில் பொடிந்து மேசையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. மனைவியானாலும் கூடாது. நான் திரும்பிப் பார்த்தேன். மதாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லுங்க என்பது போலத் தலையசைத்தார்.

"அம்மா, இங்கயும் அவரு எதையும் முழுசா சாப்பிடறதில்ல. எல்லாத்தையும் ருசியில்லன்னு திருப்பி அனுப்பிடறாரு," என்றேன்.

"இங்கயுமா?"

சாக்கடை திறந்த நாளைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை வாயருகே போய்விட்டது.

"போன மாசம் அடுப்புல பால் வெச்சுட்டு நான் கோயிலுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வீடு பூரா கருகல். பாத்திரமே கரியாயிடுச்சு. இவரு பக்கத்து அறையில உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. என் மேல இருக்கற கோவத்துலதான் அடுப்ப அணைக்கலன்னு நெனச்சேன். ஒரு வாரம் பேசல தம்பி நான்."

மதாம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முசியேவுக்குத் தலைவலி உண்டா என்று கேட்டார். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் திட்டுவார் என்றார் தெரேஸம்மா. டாக்டரிடம் போகச் சொல்லிப் பார்க்கும்படி மதாம் சொன்னார்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. சமையல் சரியில்லன்னதுக்கு பழி வாங்கறேன்னுவாரு. நீங்க சொல்லுங்க மதாம்."

மதாம் லூசி வேலை நேரத்தில் வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாராவது வற்புறுத்தினாலும் நின்றபடியே சிரித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் முசியே கப்ரியேல் வந்து, பீரை ஒரு வாய் குடித்துத் தள்ளி வைத்ததும், மதாம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தேன். இருவரும் முதலில் பிரெஞ்சில் பேசினார்கள். பிறகு முசியேவின் குரல் தமிழுக்கு மாறியது.

"என் மூக்குல கோளாறா? உன் பீப்பாய்ல கோளாறு இல்ல?"

"பீர் நல்லா இருக்கு முசியே. ரகூவும் நல்லா இருந்துச்சு. மூணு மாசமா எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

"காசு வாங்கிட்டு கண்டத ஊத்துவ. கேட்டா எனக்குப் பைத்தியம்ப."

"உங்களுக்குப் பைத்தியம்னு நான் சொல்லல. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்றேன்."

"நான் எத்தனை நாட்டுல சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு பீர் கடைக்காரி எனக்கு வைத்தியம் சொல்றா!"

எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. தோட்டத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காசை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மதாம் குனிந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அந்தக் குவளையை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், வழக்கம்போல ஒரு வாய் ருசி பார்த்தார். பிறகு கழுவப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதாம் மரத்தடி நீள மேசை காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. சொல்தாக்கள் வேறு இடத்துக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கெட்ட பீரை விற்றுவிட்டு வாடிக்கையாளரை நோயாளி என்கிறார்கள் என்று எங்கள் கடையைப் பற்றி ஊரில் பேச்சு. எங்கள் மாதிரிக் கடைக்கு வாரம் தவறாமல் வருகிற கூட்டம்தான் அடித்தளம். சென்னைக் கூட்டம் மழை பெய்தால் வராது.

முதலாளி வந்தார். அலுவலக அறைக்கு மதாமைக் கூப்பிட்டார். நான் காப்பி கொண்டுபோனபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாம சாப்பாடு போடறவங்க மதாம். டாக்டர் வேலை நமக்கெதுக்கு? யாரு கிளப்பிவிட்டது இத?"

"நான்தான் சொன்னேன்," என்றார் மதாம்.

என் பெயரையோ தெரேஸம்மாவின் பெயரையோ சொல்லவில்லை. முதலாளி, நிலைமை சரியாகவில்லை என்றால் புது வருஷத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். மதாம் சரி என்றார். வெளியே வந்து, அன்றைய மீன் புதிதா என்று தனசேகரிடம் கேட்டார். மதாமின் முகத்தில் எதுவும் இல்லை. நான்தான் அன்று இரண்டு ஆர்டரை மாற்றி எழுதினேன்.

செய்தி தெரேஸம்மாவிடமிருந்து வந்தது. கடைத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். முசியே குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தலையைப் படம் எடுத்ததில் மூளைக்கு முன்பக்கம், மூக்குக்கு மேலே, ஒரு கட்டி. வாசனை போனது எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தெரேஸம்மா எங்கள் கடையில் கேட்டதையெல்லாம் சொல்லியிருக்கிறார். புற்று மாதிரி இல்லை, எடுத்துவிடலாம், ஆனால் வளர்ந்திருக்கிறது, உடனே செய்ய வேண்டும் என்றார்களாம்.

"மதாம்கிட்ட சொல்லு தம்பி. ஜெபம் பண்ணச் சொல்லு," என்றார்.

சொன்னேன். மதாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு சமையலறைக்குள் போய்விட்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதும் எடுத்துவிட்டார்கள். சொல்தாக்களில் ஒருவர் வந்து மதாமிடம் நெடுநேரம் பிரெஞ்சில் பேசிவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீள மேசை நிரம்பியது, ஒரு நாற்காலி மட்டும் காலியாக. முதலாளி புது ஆள் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மதாமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியபோது முசியே கப்ரியேல் மனைவியோடு வந்தார். இளைத்திருந்தார். தலையில் துணித்தொப்பி, அதன் ஓரத்தில் தையல் தழும்பு தெரிந்தது. மதாமின் கையைப் பிடித்து பிரெஞ்சில் என்னவோ சொன்னார். மதாம், "உக்காருங்க முசியே, வெயில்ல நிக்காதீங்க," என்றார்.

வாசனை திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் முன்பிருந்த எரிச்சல் போயிருந்தது. பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னார்:

"கசப்பு தெரியுது. குளிர்ச்சி தெரியுது. நுரை மீசையில ஒட்டுது. மத்தது இல்ல கலியமூர்த்தி."

ரகூ வந்ததும் தட்டைத் தெரேஸம்மா பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் குனிந்து முகர்ந்து பார்த்து, "பட்டை கொஞ்சம் தூக்கலா இருக்கு. வடகம் நல்லா சிவந்திருக்கு. பூண்டு இருக்கு," என்றார். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். தட்டு காலியாகத்தான் சமையலறைக்குப் போனது. தனசேகர் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு வாரா வாரம் வந்தார்கள். எங்களுக்குத்தான் சங்கடம். ருசி தெரியாதவரிடம் முழு விலை வாங்குவதா என்று முருகையன் ஒருநாள் கேட்டார். விலை குறைத்தால் அவரை அவமானப்படுத்துவது போலாகும் என்றேன் நான். மதாம் இரண்டு பேரையும் பார்த்தார். "அவர் எதையாவது திருப்பி அனுப்பறாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். "நல்லாருந்துச்சுன்னு சொல்லு" என்று முன்போலவே சொல்லி அனுப்பினார். அது மரியாதைக்குச் சொல்வது என்று சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். தனசேகர் இப்போதெல்லாம் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை.

கோடையில் ஒரு மதியம். கடை திறந்து முதலில் வந்த மேசை அவர்களுடையது. அன்றைய முதல் குவளையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். முசியே உதட்டில் வைத்தார். கீழே வைத்தார். இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இது சரியில்ல."

தெரேஸம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். குவளையை எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை வாசலில் தனசேகரும் முருகையனும் வந்து நின்றுவிட்டார்கள். மறுபடியும் அதே பேச்சா, அறுத்து எடுத்தது திரும்ப வளர்ந்துவிட்டதா என்று எல்லோர் மனதிலும் ஒன்றுதான் ஓடியது.

மதாம் குவளையை வாங்கினார். கையில் பிடித்ததுமே அவர் புருவம் உயர்ந்தது. ஒரு வாய் குடித்தார்.

"முருகையன், குளிரூட்டற மெஷின் ஓடுதா பாருங்க."

முருகையன் கொட்டகைக்கு ஓடினார். மெஷின் ஓடவில்லை. காலையில் மின்சாரம் போய் வந்ததில் நின்றுபோயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பீர் வெதுவெதுப்பாக இருந்தது. நான் குவளையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே நடந்து போயிருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

மதாம் அந்தக் குவளையைத் தனசேகரிடம் கொடுத்தார். தனசேகர் குடித்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"சூடா இருக்கு மதாம்! ருசியே இல்ல!" என்றார்.

மதாம் சிரித்துக்கொண்டே பாதாம் மரத்தடிக்கு நடந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்று, "மன்னிக்கணும் முசியே. நீங்க சொன்னது சரி," என்றார்.

முசியே கப்ரியேல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"குடுக்கற காசுக்கு இதையெல்லாம் பாக்க வேணாமா?" என்றார்.